ரெக்கார்டு ஆகாத இருபது நிமிடம்

தம்பி,

இந்தக் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரிக்காதே. ரூமுக்குப் போய், சாப்பிட்டு முடித்துவிட்டுப் படி. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் நீ "சொல்லும்மா" என்றதும், கல்யாணப் பத்திரிகை கொடுக்க விட்டுப்போனவர்களைப் பற்றியும் உன் இருமலைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். ஊர் ஊராய்ப் போய்த் தடுப்பூசி போட்டு, முப்பது வருடம் ரெஜிஸ்டர் எழுதிய நர்ஸ் நான். வாயில் வராதது எனக்குக் கையில் வரும்.

நீ அனுப்பிய வீடியோவை நான்கு முறை பார்த்தேன். உன் அப்பாவின் வாழ்க்கை பன்னிரண்டு நிமிடத்தில். பழைய படங்கள், நடுநடுவே அவர் பேச்சு, பின்னால் மெல்லிய வீணை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் "கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, விழுப்புரம்" என்று கண்டக்டராய்ப் பஸ்ஸில் கூவியது போலவே கூவிக் காட்டும் இடத்தில் நான் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். நன்றாகத்தான் செய்திருக்கிறாய். ஆனால் ஒன்பதாவது நிமிடத்தில் உன் குரல் வருகிறது. "எங்கப்பா சாதி பார்க்காத மனுஷன். ஒரு பொண்ணோட மனசை மதிக்கத் தெரிஞ்சவர்." அடுத்த மாதம் விழுப்புரத்தில் கல்யாண மண்டபத்தில் பெரிய திரையில் இதைப் போடப் போகிறாய். கோலியனூரிலிருந்து கீர்த்தி வீட்டுச் சனம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். நம் ஊர்க்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் வயதான பத்துப் பேருக்காவது அந்த வரி பொய் என்று தெரியும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு என்னால் மேடையில் நிற்க முடியாது.

நீ பொய் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். கீர்த்தியைப் பற்றி நீ சொன்ன அன்று, அவள் காலனிப் பெண் என்று கேட்டதும் வாயடைத்துப் போய் நின்றவள் நான். உன் அப்பாதான் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "பொண்ணு வூட்டுல நான் போயி பேசுறேன். நீ ஒண்ணியும் பயப்படாத" என்றார். தொண்டையில் கட்டி என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். அந்தக் கரகரத்த குரலோடு கோலியனூருக்குப் போய், கீர்த்தியின் அப்பா முன்னால் கைகூப்பி நின்று பெண் கேட்டார். அதைப் பார்த்துத்தான் நீ அந்த வரியை எழுதியிருக்கிறாய். அவர் ஏன் அப்படி அவசரமாய்ப் போனார் என்று நீ கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உனக்குத் தெரியாததால் நீ கேட்கவில்லை. எனக்குப் பாதி தெரியும் என்பதால் நான் கேட்கவில்லை.

குரல்வளையை எடுத்துவிட்டால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொன்னபோது ஆபரேஷனுக்குப் பதினோரு நாள் இருந்தது. அப்பாவின் குரலை எடுத்து வைக்க வேண்டும் என்று நீதான் துடித்தாய். போனை நிறுத்த ஒரு ஸ்டாண்டும், சட்டையில் குத்துகிற மைக்கும் அனுப்பினாய். வாட்ஸப்பில் முப்பத்திரண்டு கேள்வி எழுதி அனுப்பினாய். தினமும் காலையில் அவர் கஞ்சி குடித்ததும் ஹாலில் ஜன்னலுக்கு எதிரே நாற்காலியைப் போடுவேன். சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்துவேன். பக்கத்து வீட்டு மிக்சி நிற்கும்வரை இருவரும் காத்திருப்போம். முதல் நாள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், மூன்றாம் நாள் தானே தலை வாரிக்கொண்டு, "இன்னாம்மா, ஸ்டார்ட் பண்ணலாமா?" என்று வந்து உட்கார்ந்தார். வல்லம் பக்கத்து நிலம், கிணறு வெட்டியது, முதன்முதலில் பஸ்ஸில் வேலைக்கு ஏறிய நாள், நீ பிறந்தபோது ஜிப்மரில் ராத்திரி முழுக்க நின்றது எல்லாம் சொன்னார். இருமினால் நிறுத்துவேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

ஐந்தாம் நாள் பதினான்காவது கேள்வி. உன் கேள்வியை அப்படியே வாசித்தேன். "உங்க கூடப் பொறந்தவங்களப் பத்திச் சொல்லுங்கப்பா." அவர் சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டே இருந்தார். "இது வேணாம், அடுத்த கேள்விக்குப் போலாங்க" என்றேன். "இல்ல. இதுக்குத்தான் ஒக்காந்துக்கினு இருக்குறேன்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், போனை நேராகப் பார்த்து, "தம்பி, உனக்கு ஒரு அத்த இருந்தா. அஞ்சலைன்னு பேரு. வயித்து வலில செத்துட்டான்னு உனக்குச் சொல்லியிருப்பாங்க. அது இல்ல" என்றார்.

நான் போனுக்குப் பின்னால் நின்றேன். அவருக்குத் திரை தெரியாது. சிவப்புப் புள்ளியைத் தொட்டு நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, ஓடுகிற மாதிரியே நின்றுகொண்டிருந்தேன். அவர் இருபது நிமிடம் பேசினார். ஒன்றும் பதிவாகாத போனைப் பார்த்து, "தம்பி, தம்பி" என்று உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினார்.

அவர் சொன்னதை எனக்கு நினைவிருக்கிற அளவுக்கு எழுதுகிறேன். அஞ்சலைக்கு அப்போது பத்தொன்பது வயது. திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் படித்தாள். அங்கே படித்த செல்வராஜ், நம் ஊர்க் காலனிப் பையன். இருவரும் விழுப்புரம் போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொள்வதென்று கிளம்பிவிட்டார்கள். ஒரே பஸ்ஸில் போனால் ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள் என்று அவள் முன்னால் போனாள். அவன் சாட்சிக்கு நண்பனைக் கூட்டிக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. ஊருக்கு விஷயம் தெரிந்து, உன் அப்பாவை அனுப்பினார்கள். அவருக்கு அப்போது இருபத்து நான்கு. அண்ணன் சொன்னால் கேட்பாள் என்று அனுப்பினார்கள். கேட்டாள்.

"விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல தனியா நின்னுக்கினு இருந்தா. என்னப் பாத்ததும் நடுங்கிட்டா. அடிக்கலடா தம்பி. திட்டல. பன்னும் டீயும் வாங்கிக் குடுத்தேன். 'அழுவாத. வூட்டுல எல்லாரும் ஒத்துக்கினாங்க. நானே முன்ன நின்னு பண்ணி வெக்கிறேன். திருட்டுத்தனமா எதுக்கு, ஊரறியப் பண்ணலாம் வா'ன்னேன். அவ பன்ன தின்னுக்கினே, 'நெசமாவாண்ணா'ன்னா. 'நெசமாத்தான்'னேன். சிரிச்சிக்கினு பஸ் ஏறினா."

வீட்டுக்கு வந்ததும் அவளை அறுவடையான மல்லாட்டை மூட்டை போடுகிற அறையில் தள்ளிப் பூட்டினார்கள். மூன்று நாள். அவள் தன் அப்பாவைக் கூப்பிடவில்லை, அம்மாவைக் கூப்பிடவில்லை. "அண்ணா, கதவத் தெறண்ணா. நீ சொன்னியேண்ணா" என்று இவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். மூன்றாம் நாள் மத்தியானம் சத்தம் நின்றது. பயிருக்கு அடிக்கிற மருந்து அந்த அறையில்தான் இருந்தது. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இதுவரைக்கும் எனக்கு அரசல்புரசலாகத் தெரியும். நான் கல்யாணமாகி வந்தது அதற்கு நான்கு வருடம் கழித்து. கிணற்றடியில் ஒரு பெண்பிள்ளை காதோடு சொன்னாள். நான் நர்ஸ். வயசுப் பெண் "வயித்து வலியில்" செத்தாள் என்று வீட்டுக்காரர்கள் தரையைப் பார்த்துச் சொல்லும்போது அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை வீட்டில் அப்படிச் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் கடைசியில் அவர் சொன்னது எனக்குத் தெரியாது. அதை மட்டும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மிக நிதானமாகச் சொன்னார். "சாவி எங்கிட்டதான் இருந்துச்சு தம்பி. மருந்து டப்பா உள்ள இருக்குதுன்னும் எனக்குத் தெரியும். மொத நாளே தெரியும். எடுத்து வெளிய வெக்கணும்னு நெனச்சேன். கதவத் தெறந்தா அவ மொகத்தப் பாக்கணுமேன்னு தெறக்கல."

பேசி முடித்ததும் மைக்கை அவரே கழற்றி என் கையில் கொடுத்தார். "நல்லா வந்துச்சா?" என்று கேட்டார். "வந்துச்சுங்க" என்றேன். அன்று அவர் சாப்பிட்ட மாதிரி பல மாதமாகச் சாப்பிட்டதில்லை. இரண்டு முறை ரசம் கேட்டு வாங்கினார். மீதி ஆறு நாளும் மற்றக் கேள்விகளுக்குச் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். நீ வீடியோவில் வைத்திருக்கிற சிரிப்பெல்லாம் அதற்குப் பிறகு வந்த சிரிப்புதான்.

ஏன் நிறுத்தினாய் என்று கேட்பாய். அந்த நேரத்தில் உன் கல்யாணம்தான் எனக்கு முன்னால் நின்றது. இது கீர்த்தி வீட்டுக்குத் தெரிந்தால் பெண் கொடுப்பார்களா என்று பயந்தேன். அது ஒரு காரணம். அதைச் சொல்லி உன்னிடம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனிதர். ஒரு நாள் என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. பஸ்ஸில் கைக்குழந்தைக்காரி ஏறினால் தன் சீட்டைக் கொடுத்துவிட்டு விழுப்புரம்வரை நின்றுகொண்டே வருபவர். அந்த ஆளை மட்டும் எனக்கு மிச்சம் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். பாதி தெரிந்தே அத்தனை வருடம் சமைத்துப் போட்டவள், மீதியும் தெரிந்த பிறகு எப்படி எதிரே உட்காருவது என்று தெரியாமல் நிறுத்தினேன். உனக்கு ஏழு வயதிருக்கும்போது அத்தை எப்படிச் செத்தாள் என்று என்னிடம்தான் கேட்டாய். "வயித்து வலி கண்ணு" என்று சொன்னது இந்த வாய்தான். அவர் உன்னிடம் அந்தப் பொய்யைச் சொன்னதே இல்லை. யோசித்துப் பார்.

ஆபரேஷன் முடிந்து அவர் பேச்சு போன பிறகு, நீ வாங்கிக் கொடுத்த சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவார். வந்து பார்ப்பவர்களிடம் "நல்லா இருக்கேன்", என்னிடம் "தண்ணி", "ஜன்னல்". ஒரு நாள் காலையில் எழுதினார்: "தம்பிக்குக் காட்டுனியா?" கல்யாணம் முடியட்டும், காட்டுகிறேன் என்றேன். தலையாட்டிவிட்டு, பலகையைத் துடைத்து மறுபடி எழுதினார்: "அழிச்சிடாத." நான் "அழிக்க மாட்டேங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு மாதம்தான் இருந்தார். உன்னிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டேதான் போனார். நீ கடைசியாய் வந்தபோது உன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாரே, நினைவிருக்கிறதா? "என்னப்பா, ஏன் இப்படிப் பாக்குறீங்க?" என்றாய். நீ பார்த்துவிட்டாயா, பார்த்த பிறகும் காலைப் பிடித்து விடுகிறாயா என்றுதான் தேடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு ஜூஸ் கலக்கிக்கொண்டிருந்தேன்.

அவருக்குக் கொடுத்த வாக்கை இனி எந்த விதத்திலும் காப்பாற்ற முடியாது. அந்தக் குரல் இல்லை. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை அதே ஸ்டாண்டை எடுத்து வைத்து, அதே நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவர் சொன்னதையும் நான் செய்ததையும் சொல்லியிருக்கிறேன். பதினேழு நிமிடம். நீ இதைப் படித்து முடித்ததும் அனுப்புகிறேன். முகத்தில் வெளிச்சம் சரியில்லை, நடுவில் காஸ்காரர் மணி அடிக்கிறார், இரண்டு இடத்தில் அழுகிறேன். எதையும் வெட்டாதே. வீணை எல்லாம் வைக்காதே. நீ மற்றவர்களின் கதையையும் இப்படி எடுத்து வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். எடு. ஆனால் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பித்தானைத் தடவினால், பக்கத்தில் நிற்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, நீ மட்டும் உட்கார்ந்து கேள். அன்று என் இடத்தில் நீ இருந்திருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று செய்தேன். இந்தக் கதையில் உயிரோடு இருப்பவர் ஒருவர் உண்டு. செல்வராஜ் திண்டிவனத்திலேயே இருக்கிறார். அஞ்சலை செத்த பிறகு காலனியில் அவர்கள் வீட்டை அடித்து நொறுக்கியதால் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார்கள். கோர்ட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடையில் டைப் அடித்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஊரிலிருந்து வந்து நாம் இருக்கிற இந்த வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். இத்தனை வருடமும் பத்து நிமிடம்தான். அவர் இருக்கும் தெரு வழியாக உன் அப்பா போக மாட்டார், சுற்றிக்கொண்டு போவார். நானும் அப்படியே பழகிவிட்டேன். அஞ்சலை இருந்திருந்தால் அவர் எனக்கு அண்ணன் முறை, உனக்கு மாமா.

செவ்வாய்க்கிழமை போனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். பயந்துபோய் நின்றாரா, மரியாதைக்கு நின்றாரா என்று தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் எனக்கு வெட்கமாக இருந்தது. உட்காரச் சொன்னேன். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். உன் அப்பா கடைசியில் சொன்னதை எல்லாம், சாவி, டப்பா உள்பட, சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "பஸ் ஸ்டாண்டுல பன்னு வாங்கிக் குடுத்தாருங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். "நான் போறதுக்கு முக்கா மணி நேரம் லேட்டாயிடுச்சு. டீக்கடைல கேட்டேன். 'அண்ணங்கூட சிரிச்சிக்கினே போச்சுப்பா அந்தப் பொண்ணு'ன்னாங்க. என்ன வேணாம்னு போயிட்டான்னு நெனச்சிக்கினேன். நாலு நாளு அவள அசிங்க அசிங்கமா திட்டிக்கினு சுத்துனேன். அப்புறந்தான் செத்த சேதி வந்துச்சு." பிறகு, "ஏன் சிரிச்சான்னு இன்னிக்கித்தான்மா தெரியுது" என்றார்.

உங்கள் வாயால் இதைச் சொல்ல முடியுமா, என் மகனுக்காகப் பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். கேட்டபோதே தப்பாய்க் கேட்கிறேன் என்று தெரிந்தது. "வேணாம்மா. உங்க வூட்டுப் படத்துல நான் எதுக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிற உரிமையும் எனக்கில்லை.

எழுந்திருக்கும்போது, "அவ படம் எதுனா இருக்குதாம்மா? எங்கிட்ட ஒண்ணியும் இல்ல" என்று கேட்டார். செஞ்சி ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம் என் போனில் இருந்தது. நீ வீடியோவில் வைத்திருப்பதும் அதுதான். அப்பாவின் முகத்தைப் பெரிதாகக் காட்ட இடது ஓரத்தை வெட்டியிருக்கிறாய். அந்த ஓரத்தில்தான் அவள் இரட்டை ஜடையோடு, தாவணித் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். பெரிதாக்கிக் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நாற்பது வருடம் கழித்துப் பார்க்கிறார். இப்போது அவருக்குப் பேத்தி மாதிரி இருக்கிறாள்.

"இவ்ளோ சின்னப் புள்ளையாம்மா அது?" என்றார். "எனக்குப் பெரிய பொம்பளையா ஞாபகம் இருக்குதே."

அந்தப் படத்தின் பிரதி ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டேன். இன்னொன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். முதலில் நீ பார். பிறகு கீர்த்தியிடம் கொடுத்து, அவள் என்ன சொல்கிறாளோ அதைக் கேள். அதற்கப்புறம் மண்டபத்தில் எதைப் போடுவது, எதையும் போடாமல் விடுவதா, கல்யாணமே எப்படி என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் சரிதான்.

உன் அம்மா